ஒன்பதாம் நாள் பாடம்

கண்ணுக்கு மருந்து வாங்க நேற்றுக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். ராயக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. மாம்பழக்கூழ் கம்பெனி வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பழுத்தது, நசுங்கியது, தோலும் கொட்டையுமாக வெயிலில் புளித்துக் கிடப்பது எல்லாம் சேர்ந்த வாசனை. முன் சீட்டில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனார். "இருக்கட்டுங்க, தெறந்தே இருக்கட்டும்" என்றேன். என்ன ஆளடா இவன் என்று பார்த்தார்.

மே மாதத்தில் அந்த வாசனை வந்தால் நீ வகுப்புக்குப் போகிற நாள் என்றுதான் எனக்கு அர்த்தம். நான் சன்னல் ஓரமாக ஒண்டி உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தேன். கண்டக்டர் வந்து, "பெரியவரே, தள்ளி உக்காருங்க, நிக்கறவங்களுக்கு எடம் குடுங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் சொல்லச் சொல்ல நம் பெரிய மகள் இதை எழுதுகிறாள். ஓசூரில் கம்பெனிக்கு நாலு நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். "அம்மாவ நீன்னு எழுதட்டுமா, நீங்கன்னு எழுதட்டுமா?" என்று கேட்டாள். நீ என்றே எழுது, அக்கா மகளை நான் என்றைக்கு நீங்கள் என்று கூப்பிட்டேன் என்றேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் மறதியும் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். எந்தக் கல் எந்த வரப்பில் இருந்தது, யார் யாரிடம் நிலம் வாங்கினார்கள், பேசி முடித்தபோது யார் யார் உடன் இருந்தார்கள், எது கேட்டாலும் சொல்வேன். எழுதத் தெரியாதவன் வேறு எங்கே வைத்துக்கொள்வான்? தலைக்குள்தான். அதனால்தான் இரண்டாயிரத்து ஒன்றில் ஊராட்சித் தேர்தல் வந்தபோது என்னைத் தேடி வந்தார்கள். தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். "அதனால என்னாப்பா, உம் பொண்டாட்டி பேர்ல நீ நில்லு" என்றார்கள். நீ அப்போது களத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாய். உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெயித்தது நீ. நாற்காலியில் உட்கார்ந்தது நான். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, மூன்று வருஷம் போல. ஆபீஸில் எல்லோரும் என்னைத்தான் தலைவரே என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. கிளார்க் தாள்களை ஒரு பையில் போட்டுக் கொடுப்பான். "அண்ணா, இன்னிக்கு ஏழு தாளு. தெருவெளக்கு, மோட்டார் ரிப்பேரு, எல்லாம் வழக்கமானதுதான். அக்காகிட்ட ஒரே மூச்சுல வாங்கிக்கினு வந்துரு" என்பான். நான் கொண்டுவருவேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி டின் மூடி மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவாய். எட்டாவது வரை படித்தவள் நீ. ஆனாலும் ஒரு வரி படிக்க மாட்டாய், கொண்டுவந்தது நான் என்பதால். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், கிளார்க் வழக்கமானது என்று சொல்லிவிட்டதால். படிக்கத் தெரிந்தவள் படிக்கவில்லை, கொண்டுவந்தவனுக்குப் படிக்கத் தெரியாது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு தாள் நழுவிப் போனது.

ஒரு நாள் காலையில் ஊர் மாடு மேயும் மந்தைவெளியில் ஜேசிபி நின்றது. மதியத்துக்குள் பாதி தூரம் கம்பி வேலி வந்துவிட்டது. புதிதாக வந்த கம்பெனி லாரி நிறுத்த அந்த இடத்தைக் கேட்டிருக்கிறது, ஊராட்சிக்கு ஆட்சேபனை இல்லை என்று தீர்மானம் போட்டுக் கொடுத்திருக்கிறது, கீழே உன் கையெழுத்து.

ஊரே நம் வாசலுக்கு வந்தது. தமிழில் ஆரம்பித்து, கோபம் ஏற ஏறத் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் போய்விட்டார்கள். "தலைவரம்மா வெளிய வரட்டும். மாட்ட இனிமே எங்க கட்டறது, உங்கூட்டு நடவாசல்லயா?" என்று ஒருவர் கத்தினார். நீ வந்தாய். தாளைக் கையில் வாங்கினாய். அத்தனை பேர் முன்னால் நின்றுகொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாய். உன் உதடு அசைந்தது இப்போதும் எனக்குத் தெரிகிறது. படித்து முடித்து, "என் கையெழுத்துதான். நான்தான் போட்டேன்" என்றாய்.

"யாரு கொண்டாந்து குடுத்தாங்க?"

"நான் போட்டேன்னு சொல்றேனில்ல. அப்புறம் என்னா?"

நான் அங்கேதான் இருந்தேன், கதவுக்குப் பக்கத்தில். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு நீ என்னைத் திட்டவில்லை. ராகிக்களி கிண்டிப் போட்டாய். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, "மாமா, நாளையிலேர்ந்து நாற்காலியில நான் உக்காந்துக்கறேன். நீ வெளிய இரு" என்றாய். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

கிருஷ்ணகிரியில் பெண் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அங்கேதான் யாரோ உனக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். வயது வந்தவர்கள் பன்னிரண்டாவது படிக்காமலே சேரலாம், பல்கலைக்கழகமே கோடையில் வகுப்பு நடத்தும், மூன்று கோடையில் பட்டம். நீ அரசியல் அறிவியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

"அது என்னா, அரசியல்வாதிங்க படிக்கறதா?" என்று கேட்டேன்.

"அவங்க படிக்காதது மாமா" என்றாய்.

முதல் கோடையில் உன்னைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியில் கல்லூரி கேட்டில் நின்றபோது வாட்ச்மேன், "பொண்ணுக்கு அட்மிஷனா பெரியவரே?" என்று கேட்டான். "இல்லப்பா, பொண்டாட்டிக்கு" என்றேன். அவன் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ உள்ளே போன பிறகு, "நல்லா கவனிச்சுக்க, பாஸாயிட்டா உன்ன உட்டுட்டுப் பூடப் போவுது" என்றான். பிள்ளைகள் லீவுக்குப் போன காலிக் கல்லூரி அது. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் உழைக்கிற ஜனம். ஓசூர்க் கம்பெனியிலிருந்து யூனிபாரத்தோடு நேராக வந்தவர்கள், ஒரு போலீஸ்காரர், ஒரு பஸ் கண்டக்டர், அங்கன்வாடி டீச்சர் ஒருத்தி. நான் வெளியே புங்க மரத்தடியில். அந்த மூன்று வருஷம் என்றைக்காவது நீ ஆபீஸுக்கு வந்தால் எனக்காக வாசலில்தான் நிற்பாய். இப்போது என் முறை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காத்திருப்பு எனக்கு நன்றாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீ பாடம் சொல்வாய். இறையாண்மை என்ற சொல்லை அப்போதுதான் கேட்டேன். "அப்படின்னா?" என்றேன். "யாரையும் கேக்காம தானே முடிவு எடுக்கறது" என்றாய். "அப்ப நம்ம ஊட்டுல அது யார்கிட்ட இருக்குது?" என்றேன். நீ சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய்.

இரண்டு கோடை முடிந்தது. அடுத்த தேர்தலில் நீ தோற்றாய். மந்தைவெளியை யாரும் மறக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "பதவியே போச்சு, இனிமே என்னாத்துக்கு அக்கா படிப்பு?" என்று குத்தினாள். நீ சர்க்கரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, "பதவி இருந்தா நாலு பேரு படிச்சுக் காட்டுவாங்க. இப்பத்தான் நானே படிச்சுக்கணும்" என்றாய். மூன்றாம் கோடை ஒன்றுதான் மிச்சம். அதை முடித்தே தீர வேண்டும் என்பதில் நீ கல்லாக இருந்தாய். பட்டத்தை மாட்டி வைக்க இல்லை. வாசலில் அன்று அத்தனை பேர் முன்னால் படித்த அந்தத் தாளுக்கு நீ உனக்கே சொல்லிக்கொண்ட பதில் அது. நானும் அது முடிந்துவிட்டால் அந்தத் தப்பில் என் பங்கும் கொஞ்சம் குறையும் என்று நம்பினேன்.

அப்போதுதான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். பெங்களூரில் ஆபரேஷன். ஒரு மாதம் எழுந்து நடமாடக் கூடாது என்று அனுப்பினார்கள். வகுப்பு அடுத்த திங்கட்கிழமை. பன்னிரண்டு நாள் வகுப்பு, உள்ளாட்சி என்கிற பாடத்தாள். மூன்று வருஷத்தில் நீ எதிர்பார்த்துக்கொண்டிருந்ததே அந்தத் தாளைத்தான். படுத்தபடியே சுவரைப் பார்த்து அழுதாய். ஆபரேஷனுக்குக்கூட நீ அழவில்லை.

"நான் போறேன்" என்றேன்.

"நீ போயி? எழுதவா தெரியும் உனக்கு?"

"எழுத்து எதுக்கு. அவரு சொல்றத நான் கொண்டாறேன். நீ எழுதிக்கோ."

பேராசிரியர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். உன் மருத்துவச் சீட்டைக் காட்டிக் கேட்டேன். "வருகை போட முடியாதுய்யா. உக்காந்து கேக்கதுன்னா கேளுங்க. எழுத வருமா?" என்றார். "வராதுங்க. ஆனா மறக்காது" என்றேன். அவர் நம்பாமல், சற்று முன் சொன்னதைச் சொல்லுங்கள் என்றார். முதலிலிருந்து சொன்னேன், அவர் பேச்சு வழக்கிலேயே. கம்பெனி ஆள் ஒருவன், "சார், டேப் ரெக்கார்டர் வந்திருக்கு" என்றான். பன்னிரண்டு நாளும் எனக்கு அந்த வகுப்பில் டேப் ஐயா என்றுதான் பெயர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். நீ தலையணையைச் சாய்த்து வைத்து, மடியில் நோட்டை வைத்துக்கொள்வாய். கிராம சபை, நிதி, எழுபத்து மூன்றாவது திருத்தம் எல்லாம் வரும். நடுவில் பேராசிரியர் தும்மியதும், ஜன்னலைச் சாத்தச் சொன்னதும், அவர் வீட்டில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று புலம்பியதும் வரும்.

"மாமா, தும்முனதயுமா சொல்லுவ?"

"எது பாடம் எது தும்மல்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாத்தயும் கொண்டாந்துட்டேன். நீ பொறுக்கிக்கோ."

தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிக்க வைக்காதே, வலிக்கிறது என்றாய். நம் கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் நான் பேச நீ கேட்டு எழுதிய நாட்கள் அவை மட்டும்தான். அந்த எட்டு நாட்கள் திரும்ப வேண்டும் என்று இன்றைக்கும் மனம் கேட்கிறது. எட்டு என்றுதான் சொல்கிறேன், பன்னிரண்டு இல்லை. ஒன்பதாம் நாளில்தான், எது பாடம், எதைச் சொல்லக் கூடாது என்று நான் பொறுக்கினேன்.

அன்றைக்கு வழக்கத்தில் பாதி நேரத்தில் முடித்துவிட்டேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. நீ பேனாவைப் பிடித்தபடியே, "அவ்வளவுதானா?" என்றாய்.

"அவ்வளவுதான். சாருக்கு ஒடம்பு சரியில்ல, சீக்கிரம் உட்டுட்டாரு."

நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். பிறகு நோட்டை மூடினாய்.

ஒரு மாதம் கழித்துத் தேர்வு. மெதுவாக நடந்து போனாய், மெதுவாக நடந்து வந்தாய். வெளியே வந்ததும் புங்க மரத்தடியில் உன்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எப்படி எழுதினாய் என்றேன்.

"நல்லாத்தான் எழுதனேன். ஒரு பெரிய கேள்விய உட்டுட்டேன்."

"எது?"

"ஊராட்சியில பொம்பளத் தலைவருங்களுக்கு என்னென்ன கஷ்டம்னு."

"உனக்குத் தெரியாததா அது?" என்றேன்.

"தெரியும். ஆனா நீ சொன்ன பாடத்துல அது வரல மாமா" என்றாய். பாட்டிலை மூடி என்னிடம் கொடுத்தாய். "பஸ்ஸு வந்துரும், வா."

அந்தத் தாள் போய்விட்டது. கொஞ்ச மார்க்கில்தான் போனது. மற்றதில் எல்லாம் தேறியிருந்தாய். "டிசம்பர்ல திரும்ப எழுதிக்கலாம்" என்றாய். கட்டி திரும்ப வந்தது. ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். ஒரு தாள் நின்றுவிட்டதால் பட்டம் இல்லை.

ஊரில் இன்றைக்கும் அந்தக் கம்பி வேலியைக் காட்டி, அந்தம்மா கையெழுத்துப் போட்டதால் போனது என்கிறார்கள். வெளியூரிலிருந்து நிலம் பார்க்க வருகிறவர்களிடமும் சொல்கிறார்கள். நம் மகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேலி போட்ட அன்று அவள் ஷிப்டில் இருந்தாள். அம்மாவுக்கு ஏன் புத்தி அப்படிப் போனது என்று என்னிடமே பல தடவை கேட்டிருக்கிறாள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

நேற்று மருந்தோடு வீட்டுக்கு வந்ததும் அவளிடம், உங்கம்மா நோட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும், எடுத்துப் படி என்றேன். எனக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல அதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. படித்தாள். முதல் நாள், இரண்டாம் நாள், எல்லாம் நான் சொன்னது சொன்னபடி, தும்மல் இல்லாமல். ஒன்பதாம் நாள் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இங்க அரைப் பக்கந்தான் இருக்குது. அப்புறம் ரெண்டு பக்கம் வெறுமனே உட்டுருக்குது. மேல பென்சில்ல ஒரு வரி."

"என்னா வரி?"

"மீதி, மாமா சொன்ன பிறகுன்னு எழுதியிருக்குது அம்மா."

நீ அடித்துத் திருத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை. அடுத்த நாள் பாடத்தை இரண்டு பக்கம் தள்ளி ஆரம்பித்திருக்கிறாய். மரத்தடியில் என்னிடம் அப்படிச் சொன்னபோதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. பாடத்தில் இல்லை என்பதால் விட்டாயா, அதை எழுதினால் என்னைப் பற்றி எழுத வேண்டியிருக்கும் என்று விட்டாயா, அதை மட்டும் நான் இனி யாரிடம் கேட்பேன்.

இன்று காலை மகளை உட்கார வைத்து இதை ஆரம்பித்தேன். ஒன்பதாம் நாள் மீதி இதுதான். கேட்டுக்கொள்.

பேராசிரியர் மேசை மேல் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்ப ஒண்ணு சொல்லுதேன், இது பொஸ்தகத்துல இருக்காது. நாற்காலி அந்த அம்மாவுக்கு. உக்காருதது வீட்டுக்காரரு. அவரு கெட்டவருன்னு நான் சொல்லல. பொண்டாட்டி மேல பிரியம் உள்ளவராக்கூட இருப்பாரு. தாளைக் கொண்டுபோயி நீட்டுவாரு. அவரு கொண்டாந்ததாச்சேன்னு அந்தம்மா படிக்காம போடுவாங்க. பொறவு ஊரு கேக்கும்போது பதில் சொல்லுதது யாரு? கையெழுத்துப் போட்டவங்க. உக்காந்தவரு எங்க இருப்பாரு? கதவுக்குப் பின்னால இருப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கண்டக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் சாக்பீஸை வைத்துவிட்டு, "இதுல தப்பு யாரோடது?" என்று கேட்டார். சட்டத்தோடது என்றார் போலீஸ்காரர். கிளார்க்கோடது என்றான் கம்பெனி ஆள். "உக்காந்தவரோடது சார்" என்றாள் அங்கன்வாடி டீச்சர். "டேப் ஐயா, நீங்க என்ன சொல்லுதீய?" என்று பேராசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான், எனக்கென்னங்க தெரியும், படிக்காதவன் என்றேன்.

அன்று அவரிடம் சொல்லாத பதில் இது: தாளைக் கொண்டுவந்தது நான். என்னவென்று கேட்காமல் கொண்டுவந்தேன். ஊர் கேட்டபோது, நான் போட்டேன் என்று அவள் சொன்னாள்; கொண்டுவந்தது நான் என்று நான் சொல்லவில்லை.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இத அம்மாகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையா?"

"எழுதுமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கடுதாசியில மட்டும் எழுதட்டுமா, நோட்டுலயும் எழுதட்டுமா?"

"நோட்டுலயும் எழுது" என்றேன். "உங்கம்மா எடம் உட்டு வெச்சிருக்கா."